பூநாரைகள் வழிவிட்ட காலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. சவூதியில் யான்புவுக்கு ரிஃபைனரி ஷட்டவுன் வேலைக்குப் போயிருந்தபோது எங்கள் ரூமில் ஒருத்தர் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய கட்டிலில் படுக்க மீதி ஏழு பேரில் ஒருத்தனும் முன்வரவில்லை, நான்தான் பெட்ஷீட்டை மாற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன், ஏனென்றால் அந்த ரூமில் ஏசிக்கு நேர் எதிரே இருந்த கட்டில் அது ஒன்றுதான். ஏழு மாதம் அதில் தூங்கினேன். ஒரு கெட்ட கனவுகூட வரவில்லை. அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் முடித்த பிறகு சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன். சம்பளம் கொடுக்கிறவரிடமே மாட்டேன் என்று நின்றவன் நான்.

இன்னொன்று, இது ராத்திரியில் நடந்ததில்லை. காலை பத்து மணி. குடித்த டீ இன்னும் வயிற்றில் சூடாக இருந்த நேரம்.

நான் வேலை செய்வது அமீரகத்தில், துபாயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் கடல் உள்ளே புகுந்து வரும் ஒரு கரையில் இருக்கும் லாட்ஜில். லாட்ஜ் என்றதும் நம்மூர் பஸ் ஸ்டாண்டு லாட்ஜை நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு மரக் குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், வேலிக்குள் நாற்பது மான், எதிரே கண்டல் காடு, அதைத் தாண்டினால் தண்ணீர் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுத் திட்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும், அவற்றுக்குப் பின்னாலேயே பைனாகுலரும் தொப்பியுமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். நான் படகோட்டியாகச் சேர்ந்து, பறவைப் பெயர்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து கைடு ஆனவன். பெயர் சேது. ஊர் தொண்டிக்குத் தெற்கே, கடற்கரையிலேயே வீடு. கடலும் சேறும் எனக்குப் புதிதில்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது தை மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் ரிசப்ஷனிலிருந்து தர்ஷினி போன் செய்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தங்கை மாதிரி.

"அண்ணை, கெதியா வாங்கோ. தோஹாவில இருந்து ஒரு அம்மாவும் மகனும் வந்திருக்கினம். அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது. படகில விடமாட்டன் எண்டு மேனேஜர் நிக்கிறார். நீங்கள் வந்து கதையுங்கோ."

போனேன். அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும், பருத்திச் சேலைக்கு மேல் மகனுடைய ஜாக்கெட், கையில் மடக்குக் கம்பு, காலில் புது ரப்பர் பூட்ஸ். பெயர் கமலவேணி. மகன் ராஜேஷ் தோஹாவில் ஆபீஸ் வேலை, அங்கேயே நஜ்மா என்ற ஏரியாவில் குடியிருக்கிறார், அம்மா விசிட்டில் வந்த இடத்தில் பறவை பறவை என்று கேட்டதால் இங்கே கூட்டி வந்திருக்கிறார். எங்கள் மேனேஜர் புனேக்காரர், என்னைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்துவிட்டார். "சேது பாய், இவங்களுக்குக் கண்ணே தெரியாது, என்னத்தைப் பார்க்கப் போறாங்க?" என்கிறார், அந்த அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே. அவர்களுக்கு இந்தி புரியாது என்ற நினைப்பு.

கமலவேணி அம்மா என் குரல் வந்த பக்கம் திரும்பினார்கள். "தம்பி, அவரு சொல்றது புரியுது. நான் பாக்க வரலைன்னு சொல்லு. கேக்க வந்திருக்கேன்."

மாயவரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர்களாம். ரிட்டையர் ஆன பிறகுதான் கண் போனது. அதற்குப் பிறகு வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பறவைகளின் குரலைக் கேட்கத் தொடங்கி, இப்போது நூற்றைம்பது பறவைகளைக் குரலை வைத்தே சொல்வார்களாம். நான் மேனேஜரிடம் படகில் ஏறுகிறவர்களுக்கான ஃபாரத்தைக் கொடுங்கள் என்று வாங்கி, பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். எனக்கு அந்த நேரம் அவ்வளவு கோபம்.

படகில் ஏறிக் கண்டல் காட்டுக்குள் போனோம். லேசான மூடுபனி, அது அங்கே குளிர்காலத்தில் தினமும் வருவதுதான், ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். நான் வாயைத் திறக்கவே தேவையில்லாமல் போய்விட்டது, அந்த அம்மாவே சொல்லிக்கொண்டு வந்தார்கள். "அது மீன்கொத்தி, ஆனா நம்மூரு மீன்கொத்தி இல்ல, குரல் வேற." "அந்தப் பக்கம் கொக்கு ரெண்டு சண்டை போடுது." நான் திரும்பிப் பார்த்தால் இரண்டு கொக்குகள் ஒரு கிளைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மீன் பிடிக்கிற பருந்து, விராலடிப்பான், ஒன்று மேலே வட்டமடித்து விசிலடித்தது, அவர்கள் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு அது போகிற பக்கமெல்லாம் திருப்பினார்கள். ராஜேஷ் போனில் ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர், போனை ஜேபியில் வைத்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. நண்டு தின்கிற பறவை ஒன்று உண்டு, வெள்ளையும் கறுப்பும், கிராப் ப்ளோவர் என்பார்கள். அதன் குரலை போனில் மட்டும் கேட்டிருக்கிறார்கள், நேரில் கேட்க வேண்டும். அது சேற்றுத் திட்டின் நடுவில்தான் நிற்கும். தண்ணீர் வற்றியிருந்தது. படகை ஓரமாக நங்கூரம் போட்டுவிட்டு மூன்று பேரும் இறங்கி நடந்தோம். நாங்கள் நடப்பதற்கென்று கம்பு நட்டு வைத்த ஒரு வழி உண்டு, அதை விட்டு விலகக் கூடாது, விலகினால் சில இடத்தில் இறுகலாக இருக்கும், சில இடத்தில் இடுப்பு வரை இறங்கிவிடும். மேலாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கம்பு வரிசை முடிகிற இடத்தில் பூநாரைக் கூட்டம், ஆயிரத்துக்கு மேல் இருக்கும், வாத்துக் கூட்டம் போலப் பேசிக்கொண்டே நின்றன. அதற்கு அப்பாலிருந்து கேட்டது அந்தக் குரல். நாய்க்குட்டி குரைக்கப் பழகுவது மாதிரி இருக்கும். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்கள். "அதேதான் தம்பி. இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாமா?"

தப்பு என்னுடையது. கம்பு வரிசையை விட்டு இறக்கினேன். ஒரு இருநூறு அடிதான் என்று நினைத்தேன். பறவைகள் நகர நகர நாங்களும் போனோம். நின்றோம். கேட்டோம். அந்த அம்மா அழுதார்கள், சத்தமில்லாமல். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன், மேனேஜருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று மனதில் வசனம் எழுதிக்கொண்டு. நிமிர்ந்தால் சூரியன் இல்லை.

ஒருமுறை கலைந்த பனி அந்த நேரத்தில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கடல் பக்கமிருந்து வெள்ளைச் சுவர் மாதிரி வந்தது. நூறு எண்ணுவதற்குள் நீட்டிய என் கை மங்கலாகிவிட்டது. படகு எந்தப் பக்கம், கம்பு எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. வாக்கிடாக்கியில் இரைச்சல். போன் மேப்பில் நீலப் புள்ளி கடலுக்குள் நின்றுகொண்டு அங்கேயும் இங்கேயும் குதித்தது. அது ஒழுங்காக நின்றாலும் எது இறுகல், எது சேறு என்று மேப் சொல்லாது. காலடியில் பார்த்தேன். சேற்றில் இருந்த நண்டுப் பொந்துகளில் குமிழி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வராது, பின்னால் ஓடைகளில் நிரம்பிச் சுற்றி வளைத்துக்கொண்டுதான் வரும்.

இரண்டு பக்கம் நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் முட்டி வரை இறங்கினேன், மறுபக்கம் அதற்கு மேலே. ராஜேஷ் கத்த ஆரம்பித்துவிட்டார். "என்னங்க இது, வழி தெரியாமலா கூட்டிட்டு வந்தீங்க? எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்க!" அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. எனக்கும் அப்போது கண் தெரியவில்லை, அதுதான் நிஜம். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த அம்மா சொன்னார்கள், ரொம்பச் சாதாரணமாக. "கத்தாதடா. அந்த ஆளு கூப்பிடுறது காதுல விழுதா இல்லையா?"

"யாரும்மா?" என்றேன்.

"முன்னாடி நிக்கிறாரே. இப்படி வாங்க, இப்படி வாங்கன்னு சொல்றாரே. உங்க ஆளு இல்லையா?"

காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, சாமி சத்தியமாக ஒன்றும் கேட்கவில்லை. லாட்ஜில் அந்தச் சீசனில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் தர்ஷினியும் மட்டும்தான். அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? நின்றாலும் தண்ணீர் ஏறும். "நீங்க முன்னாடி போங்கம்மா, குரல் வர்ற பக்கம் போங்க" என்றேன். அவர்கள் கம்பை நீட்டிக்கொண்டு முன்னால், அவர்கள் தோளில் கை வைத்து நான், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ராஜேஷ். அப்படித்தான் நடந்தோம்.

கால் இறங்கவேயில்லை. தண்ணீருக்குக் கீழே கடினமாக, சிப்பி நொறுங்குகிற மாதிரித் தரை. அந்த அம்மா கொஞ்ச தூரம் நேராகப் போவார்கள், நிற்பார்கள், தலையைச் சாய்ப்பார்கள், இடது பக்கம் திரும்புவார்கள். நடுநடுவே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்கள், சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதை நான் பார்த்தேன். கேட்டது அவர்கள், பார்த்தது நான். அவர்களுக்குக் கண் இல்லை என்பதால் கேட்டதைப் பிரமை என்று சொல்லலாம், எனக்குக் கண் நன்றாகவே இருக்கிறது.

பூநாரைக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டோம். அங்கே மட்டும் பனி கொஞ்சம் மெலிந்து இருபதடி வரை மங்கலாகத் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து கால்களாக, கழுத்துகளாக எட்டிப் பார்த்தன. மனிதன் கிட்டப் போனால் பூநாரை என்ன செய்யும்? நம்மைப் பார்த்து, நமக்கு எதிர்ப்பக்கமாகக் கூட்டத்தோடு ஓடும், அப்புறம் பறக்கும். எத்தனை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஓடவில்லை. நாங்கள் வருவதற்குப் பத்துப் பதினைந்து அடி முன்னாலேயே இடதும் வலதுமாக ஒதுங்கின, சந்தையில் சுமை தூக்கி வருகிறவருக்கு வழிவிடுவது மாதிரி. ஒதுங்கிய பறவைகள் எங்களைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் எங்களுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தன, அது நகர நகரத் தலைகளும் திரும்பின. நாங்கள் கடந்த பிறகு பின்னால் மூடிக்கொண்டன. ஆயிரம் பறவைகள், ஒரு சத்தம் இல்லை.

அதைவிட அதிசயம் தண்ணீர். கணுக்கால் தண்ணீரில் ஒருவர் முன்னால் நடந்தால் அவருடைய காலிலிருந்து சின்ன அலை கிளம்பிப் பின்னால் வருகிறவரின் காலில் வந்து தட்டும், இல்லையா? தட்டியது. காற்று கிடையாது. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்ற நேரத்திலும், அந்த அம்மாவுக்கும் முன்னாலிருந்து, ஒரு தப்படி, இன்னொரு தப்படி, அந்த அளவில் அலை வந்து என் பூட்ஸில் தட்டிக்கொண்டேயிருந்தது.

நான் பின்வாங்கவில்லை. பயந்தேனா என்றால் பயந்தேன், ஆனால் கையை எடுக்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். அந்த அம்மாவின் கம்பு எதிலோ டங்கென்று தட்டியது. எங்கள் படகு. தண்ணீர் அதற்குள் முட்டிக்கு வந்திருந்தது.

ராஜேஷையும் அந்த அம்மாவையும் ஏற்றினேன். அந்த அம்மா உட்கார்ந்து, பனிக்குள் முகத்தைத் திருப்பி, "ரொம்ப நன்றிங்க" என்றார்கள். பிறகு என்னிடம், "அவர ஏத்திக்கலையா தம்பி? தண்ணி ஏறுதே" என்றார்கள்.

"அம்மா, அங்க யாரும் இல்லம்மா" என்றார் ராஜேஷ், அழுகிற குரலில்.

"முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவடா நான். லைன்ல ஆளு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

கரைக்கு வந்து சேர்ந்தபோது தர்ஷினி போர்வையோடு ஓடி வந்தாள். அந்த அம்மா டீயைக் குடித்துக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் கேட்டாள், "அந்த ஆள் என்ன தமிழ் கதைச்சவர் அம்மா? எங்கட தமிழோ, அண்ணையின்ர தமிழோ?"

அந்த அம்மா யோசித்தார்கள். "ரெண்டும் இல்லம்மா. புரிஞ்சுது. ஆனா எந்த ஊருன்னு சொல்ல முடியல. எனக்கே அது அதிசயமாத்தான் இருக்கு. ஒரு வார்த்தை கேட்டா ஜில்லா சொல்லிடுவேன் நான்."

அன்று மத்தியானமே மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தர்ஷினி ஆங்கிலத்தில் டைப் செய்தாள். கம்பு வரிசையை விட்டு விலகியது என் தப்பு என்று முதல் வரியிலேயே போடச் சொன்னேன். பறவைகள் ஒதுங்கியது வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. "அண்ணை, இதையும் இப்பிடியே போடட்டோ? வேலை போயிடும்."

"போடு தங்கச்சி. நடந்ததத்தான சொல்றேன்."

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை அவர். கதவைச் சாத்திவிட்டு, "பாய், ஜிபிஎஸ் பார்த்து வந்தேன்னு ஒரு வரி எழுது, கலாஸ், விஷயம் முடிஞ்சுது. இதை அனுப்பினா நீ குடிச்சிருந்தேன்னு சொல்லுவாங்க" என்றார். ஜிபிஎஸ் பார்த்து வரவில்லையே என்றேன். வேறு யார் கூட்டி வந்தது என்றார். தெரியாது, தெரியாததைத்தான் தெரியாது என்று எழுதியிருக்கிறேன் என்றேன். மூன்று மாதம் கைடு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படகு கழுவினேன், மான்களுக்குத் தீனி வைத்தேன். ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்தால் நாளைக்கே படகு என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். மான்கள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்றைச் செய்தேன். அடுத்த நாள், வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது, தண்ணீர் வற்றியதும் தனியாகப் போய்ப் பார்த்தேன். நாங்கள் நடந்த இடத்தில் சிப்பி இறுகிப் போன ஒரு மேடு ஓடுகிறது, ஓர் ஆள் அகலம், இரண்டு இடத்தில் இடது பக்கம் வளைகிறது, ஓர் இடத்தில் வலது பக்கம். இரண்டு பக்கமும் ஆளை விழுங்குகிற சேறு. மூன்று வருஷமாக அங்கே நடக்கிறேன், எனக்கு முன்னால் இருந்த கைடுகளும் நடந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அப்படி ஒரு வழி இருப்பது தெரியாது. நான்தான் கம்பு நட்டேன். இன்று எல்லாரும் அதில்தான் நடக்கிறார்கள், என்னைக் குடிகாரன் என்றவர்கள் உட்பட.

அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். அங்கே யாராவது செத்துப்போனார்களா? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நானும் விசாரித்தேன். பழைய படகோட்டிகளைக் கேட்டேன், வலை போட வருகிற வங்காளிகளைக் கேட்டேன், மான் வேலியைப் பார்த்துக்கொள்ளும் பலூச்சிக் கிழவரைக் கேட்டேன், அவர் லாட்ஜ் வருவதற்கு முன்னாலிருந்தே அந்தக் கரையில் இருக்கிறவர். மாஃபி, இல்லவே இல்லை என்றுவிட்டார்கள். அந்தத் திட்டில் யாரும் செத்ததில்லை, எனக்கும் தர்ஷினிக்கும் முன்னால் தமிழ் ஆள் யாரும் அங்கே வேலை பார்த்ததில்லை. ஒருத்தர் செத்திருந்தால் உங்களுக்குக் கதை முடிந்திருக்கும், எனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும். இல்லாத பிணத்தை நான் எங்கே போய்க் கொண்டுவருவது?

ரிப்போர்ட்டில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பொய் எழுதவில்லை, விட்டேன், அவ்வளவுதான். அது நடந்தது சாயந்திரம், அவர்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது. ராஜேஷ் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கார் கண்ணாடியை இறக்கி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வர்ற வழியில அவரு உன் பேரைக் கேட்டாரு. நான் சொல்லிட்டேன். தப்பா?"

"இதுல என்னம்மா தப்பு" என்றேன். "உங்க பேரையும் கேட்டாரா?"

"இல்ல. ராஜேஷ் பேரையும் கேக்கல. தோள்ல கை வச்சிருக்கிறவரு பேரு என்னன்னுதான் கேட்டாரு. சேதுன்னேன். அப்பா பேரு கேட்டாருன்னா என்ன சொல்றதுன்னு நான் யோசிக்கும்போதே, அது வேண்டாம், அது எனக்குத் தெரியும்னு சொல்லிட்டாரு."

கார் போய்விட்டது. நான் அன்றைக்கே வீட்டுக்கு போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார், நல்லாத்தான் இருக்கிறார், மழை இல்லை என்று அலுத்துக்கொண்டார். ராமநாதபுரம் ஜில்லாவைத் தாண்டி மதுரை வரைக்கும் போனதுதான் அவருடைய அதிகபட்சத் தூரம். வெளிநாட்டில் உன்னைத் தெரிந்தவர் யாராவது உண்டா அப்பா என்று கேட்டேன். "என்னைய யாருடா அங்க தெரியப் போகுது, கிறுக்கா" என்று சிரித்தார்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். தண்ணீர் வற்றினால் திட்டில்தான் நிற்பேன், பனியோ வெயிலோ. ஊர்க்காரர்கள் லீவ் போட்டுவிட்டு வந்து மந்திரித்துக்கொண்டு போ என்கிறார்கள், வேறு வேலை பார் என்கிறார்கள். எதற்கு? எங்களைக் கரை சேர்த்தவர்தானே. ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் தெரிந்தால் சொல்லுங்கள். அன்றைக்கு என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், இத்தனை நாளில் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. எதற்காக வைத்திருக்கிறார் அதை?

கூப்பிடட்டும். நான் காது கொடுத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.